தங்கமீன் வாய் பிளக்கிறதா? மருந்துக்கு முன்னால் தெர்மாமீட்டரைப் பாருங்கள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு என் கைப்பேசி எண் தெரியும். ஏப்ரல், மே வந்துவிட்டால் மாலை ஏழு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்து விழும். கூடவே, "அங்கிள், என்ன மருந்து போடணும்?" என்று ஒரு கேள்வி. என் பதிலும் மாறுவதில்லை: "மருந்து பாட்டிலை மூடி வைம்மா. தண்ணி எத்தனை டிகிரி இருக்கு, அதைச் சொல்லு."

தங்கமீன், வைட் கிளவுட் மின்னோ, பாறையோடு ஒட்டிக் கிடக்கும் ஹில்ஸ்ட்ரீம் லோச் எல்லாம் குளிர்ந்த தண்ணீர் மீன்கள். தங்கமீனுக்கு 18 முதல் 24 டிகிரி சுகம். இங்கேயே வளர்ந்து பழகியது 28 வரை சமாளிக்கும். வைட் கிளவுடுக்கு 18–22, ஹில்ஸ்ட்ரீம் லோச்சுக்கு 20–24. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் ஒன்றும் செய்யாமல் வைத்த தொட்டி 28-க்கும் 31-க்கும் நடுவில்தான் நிற்கும். ஆகவே நோய் என்று நினைத்து வருவதில் பெரும்பகுதி வெக்கையும் அழுக்குத் தண்ணீரும்தான்.

கையில் மூன்று பொருள் வேண்டும்: ஒரு தெர்மாமீட்டர், மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அமோனியாவையும் நைட்ரைட்டையும் பார்க்கும் டெஸ்ட் கிட், சமையலறைத் தராசு. தெர்மாமீட்டர் கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டையாக இருந்தால் நம்பாதீர்கள். அது பாதி அறையின் சூட்டைக் காட்டும்.

## மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன

முதலில் ஏர் பம்பைப் போடுங்கள். இருக்கிற ஒன்றோடு இன்னொன்றையும் சேர்த்துப் போடுங்கள். பிறகு கீழே எந்தக் கிளை உங்களுடையது என்று பாருங்கள்.

### எல்லா மீனும், பிற்பகலிலோ மாலையிலோ

சூடு. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் அது ஏழரை. மீனுக்கோ சூட்டில் மூச்சு இன்னும் அதிகம் வேண்டும்.

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். தொட்டி விளக்கை அணையுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் திரையை இழுத்து விடுங்கள். அன்றைய தீனியை நிறுத்துங்கள். கண்ணாடி மூடியை எடுங்கள். ஆனால் வைட் கிளவுடும் லோச்சும் துள்ளி வெளியே விழும், அவற்றுக்கு வலை மூடி போட வேண்டும். ஃபில்டர் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டு விழுகிறதா பாருங்கள். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மோட்டார் சிறு தொட்டியில் ஹீட்டர் மாதிரித்தான். தேவைக்கு மேல் பெரிய மோட்டார் போட்டிருந்தால் மாற்றுங்கள்.

அவசரத்துக்கு உறைய வைத்த தண்ணீர் பாட்டில் உதவும். 60 லிட்டர் தொட்டியில் அரை லிட்டர் பாட்டில் முழுக்க உருகினால் சுமார் 1 டிகிரி குறையும், அவ்வளவுதான். ஒரே நேரத்தில் நான்கு பாட்டிலை இறக்கி 31-ஐ 26 ஆக்கியவர் ஒருவர் உண்டு. மறுநாள் காலையில் இரண்டு மீன் போயிருந்தது. மணிக்கு 1 டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். பனிக்கட்டியை நேரே தொட்டிக்குள் கொட்டவும் கூடாது, அது குழாய்த் தண்ணீரில் செய்தது.

அடுத்தது கிளிப் விசிறி. இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கும். சரியாக வைத்தால் 2 டிகிரி, சில நாள் 3 டிகிரி குறைக்கும். நான் முதலில் வாங்கியபோது மூடியைத் திறக்காமல் கண்ணாடி மேலேயே காற்றடிக்க விட்டு, "இது ஏமாற்று" என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். விசிறி வேலை செய்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. தண்ணீர் மட்டத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மறுநாள் தண்ணீர் டேப்புக்கு நன்றாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகப் போனால்தான் சூடு போகும். மட்டம் அப்படியே நின்றால் விசிறி காற்றை வேறெங்கோ வீசுகிறது, அல்லது ஜன்னலெல்லாம் மூடி அறை புழுங்கிப்போய் இருக்கிறது. குறைந்த தண்ணீரைக் குளோரின் நீக்கிய தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும்.

இவ்வளவும் செய்தும் 28-க்கு இறங்கவில்லை என்றால்தான் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம். சிறியதே பல நூறு வெள்ளி, மின்கட்டணம் தனி. ரஞ்சு, ஒராண்டா போன்ற உருண்டைத் தங்கமீனோ ஹில்ஸ்ட்ரீம் லோச்சோ வைத்திருந்தால் வாங்கத்தான் வேண்டும் என்பேன். சாதாரண நீள உடல் தங்கமீனுக்கு விசிறி போதும். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானதே, அந்த வாரம்கூட என் பழைய காமெட் வகைத் தங்கமீன் இரண்டும் விசிறியில்தான் தப்பித்தன.

### சில்லர் இருக்கிறது, ஆனாலும் சூடு குறையவில்லை

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நான்கு இடம் பாருங்கள். சில்லருக்குப் போகும் தண்ணீர் குறைந்திருக்கிறதா? ஃபில்டர் பஞ்சு அடைத்திருக்கும். பக்கத்துத் தூசி வலை சாம்பல் நிறக் கம்பளிபோல் இருக்கிறதா? வெற்றிட உறிஞ்சியால் இழுங்கள். சூடான காற்று வெளியேற ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா? செட்டிங் 22-ல் நிற்கிறதா? நம் ஊருக்கு 25 வையுங்கள். 22-க்கு அது ராப்பகலாக ஓடித் தேயும்.

மூன்றாவது என் சொந்தக் கதை. சில்லர் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மனைவி சொல்ல, தொட்டிக்கடியில் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். தண்ணீர் 31. ஒரு கடையிலிருந்து ஆள் வந்தார், அலமாரிக் கதவைத் திறந்தார், ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டு போனார்.

கம்ப்ரசர் உறுமலே கேட்கவில்லை, அல்லது உறுமுகிறது ஆனால் சூடான காற்று வரவில்லை என்றால் கம்ப்ரசரோ குளிரூட்டும் கேஸோ சம்பந்தப்பட்ட வேலை. அது தொழில்நுட்பர் கை வைக்க வேண்டிய இடம். தொட்டி பிளக் போட்டதும் வீட்டு சுவிட்ச் டிரிப் ஆகிறது என்றால் எதையும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள்.

### தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில்

ஊரில் தாத்தா வாளியில் தண்ணீர் பிடித்து ஒரு ராத்திரி வைத்துவிட்டு ஊற்றுவார், மீன் நன்றாகத்தான் இருக்கும். இங்கே அது செல்லாது. பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) சேர்க்கிறது. அது வாளியில் ஒரு ராத்திரி வைத்ததால் பறந்துவிடாது. கடையில் மலிவாக விற்கும் ஆன்டி-குளோரின் படிகம் குளோரினை உடைக்கும். பிரியும் அமோனியா தண்ணீரிலேயே இருக்கும். சீட்டில் "குளோரமைன்", "அமோனியா" இரண்டையும் சமாளிக்கும் என்று எழுதியிருக்கிற திரவத்தை வாங்குங்கள். ஊற்றிய தண்ணீருக்கு மட்டுமல்ல, முழுத் தொட்டிக்கும் கணக்குப் போட்டு உடனே சேருங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் மீன் கீழே இறங்கும்.

### விடிகாலையில் மட்டும்

தொட்டியில் செடி அதிகம், அல்லது மீன் அதிகம். ராத்திரி செடியும் ஆக்சிஜன் இழுக்கும். இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். சத்தம் தாங்கவில்லை என்று இரவில் அணைப்பவர்கள் பம்புக்கடியில் பழைய துண்டை மடித்து வையுங்கள்.

### ஒரே ஒரு மீன் மட்டும்

ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விடுகிறது, தரையில் உரசுகிறது என்றால் செவுள் ஒட்டுண்ணியாக இருக்கலாம். தனித் தொட்டிக்கு மாற்றி, பிராசிகுவான்டல் உள்ள மருந்தைச் சீட்டில் உள்ளபடி போடுங்கள். ஒரு வாரத்தில் மாற்றமில்லை என்றால் கால்நடை மருத்துவர் செவுளில் சுரண்டி நுண்நோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும்.

## துடுப்பில் சிவப்புக் கோடு, மூலையில் சுருண்டு கிடக்கிறது

டெஸ்ட் கிட்டை எடுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். எது தெரிந்தாலும், சூடு ஒத்துப்போகும் குளோரின் நீக்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மாற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம். தினமும் சோதியுங்கள். ஒரே அமோனியா எண் 20 டிகிரியில் இருப்பதைவிட 30-ல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நச்சு. அதனால் "கொஞ்சம்தானே இருக்கு" என்பது இந்த ஊருக்குப் பொருந்தாது.

அமோனியா எங்கிருந்து வந்தது? நான் கேட்கும் முதல் கேள்வி: ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவினீர்களா? பளபளவென்று கழுவியிருப்பார்கள். அதிலிருந்த நல்ல பாக்டீரியா குளோரமைனில் போயிருக்கும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் பிழிய வேண்டும். இரண்டாவது கேள்வி: தொட்டி வைத்து எத்தனை வாரம்? ஆறு வாரத்துக்குள் என்றால் ஃபில்டரில் அந்த நல்ல பாக்டீரியா இன்னும் சேரவில்லை. மூன்றாவது: வீட்டில் யார் யார் தீனி போடுகிறார்கள்? நாலாவது மாடியில் ஒரு வீட்டில் அம்மா காலையில், பிள்ளை பள்ளி விட்டு வந்து, பாட்டி சீரியல் இடைவேளையில் என்று மூன்று பேரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது. தீனி டப்பாவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவர் டிக் அடிக்க வைத்தோம். அந்தத் தொட்டிக்கு நான் அப்புறம் போகவே இல்லை.

நைட்ரைட் மட்டும் தெரிந்தால் லிட்டருக்கு 1 கிராம் உப்பு கைகொடுக்கும். அயோடின் சேராத கல்லுப்பைத் தராசில் நிறுத்து, ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். செடிக்கு ஆகாது. லோச் இருந்தால் பாதி அளவு.

ஒரு வாரம் கழித்து உடலில் கறுப்புத் திட்டு வருகிறதா? அது தங்கமீனுக்குப் புண் ஆறுகிற அடையாளம். சும்மா விடுங்கள்.

இரண்டு எண்ணும் பூஜ்யம், ஆனாலும் ஒரு மீனுக்கு மட்டும் சிவப்பு பரவுகிறது என்றால் உள்ளே பாக்டீரியா தொற்று. மருத்துவர்.

## வெள்ளைப் புள்ளிகள்

மருந்து வாங்க ஓடுவதற்கு முன், புள்ளி எங்கே இருக்கிறது?

### செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் எலும்பிலும் மட்டும், வரிசையாக

வாழ்த்துகள், உங்கள் தங்கமீன் ஆண். இனப்பெருக்க காலத்தில் வருவது. ஒன்றும் செய்யாதீர்கள். இதற்கு மருந்து போட்டுப் போட்டே மீனைக் கொன்றவர்கள் உண்டு.

### மெழுகு சொட்டியதுபோல் வழுவழுப்பான கட்டி

கார்ப் பாக்ஸ். வைரஸ். மருந்து இல்லை, தேவையும் இல்லை.

### உடலெங்கும் உப்புத் தூவியதுபோல், மீன் எல்லாவற்றிலும் உரசுகிறது

வெண்புள்ளி நோய். இதை நான் அதிகம் பார்த்தது வெக்கையான தொட்டியில் அல்ல, படுக்கையறைத் தொட்டியில். இரவெல்லாம் ஏர்கான் ஓடித் தண்ணீர் 25-க்கு இறங்கும். காலையில் அணைத்துவிட்டு வேலைக்குப் போனால் மாலைக்குள் 30-க்கு ஏறும். தினமும் இப்படி ஏறி இறங்கினால் மீன் தளர்ந்துவிடும். தொட்டியைக் கூடத்துக்கு மாற்றுவதே பாதி வைத்தியம். மீதிப் பாதி, செராங்கூன் நார்த் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வந்த புது மீனை அன்றே பழைய மீனோடு விடாமல் இருப்பது. குறைந்தது இரண்டு வாரம் தனியே வையுங்கள்.

தங்கமீனுக்கு உப்பே முதல் மருந்து. லிட்டருக்கு 3 கிராம், ஒரே நாளில் அல்ல, அரை நாளுக்கு 1 கிராமாக மூன்று தவணையில். செடியையும் நத்தையையும் முன்பே எடுத்துவிடுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஐந்து நாள் உப்பை நிறுத்தக் கூடாது. தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது, தண்ணீரில் நீந்துவதைத்தான் கொல்லும். "ஹீட்டர் போட்டு 30 ஆக்கு" என்று சொல்வார்கள். வைட் கிளவுடுக்கும் லோச்சுக்கும் அதைச் செய்யாதீர்கள்.

உப்பில் அடங்காவிட்டால் மாலகைட் கிரீன் உள்ள மருந்து. ஃபார்மலின் கலந்தது என்றால் அது ஆக்சிஜனைத் தின்னும், ஏர் பம்ப் இரண்டு ஓட வேண்டும், தண்ணீர் 28-க்குக் கீழே இருக்க வேண்டும். ஃபில்டரில் கரி இருந்தால் வெளியே எடுங்கள். மெத்திலீன் புளூவைப் பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள்: ஃபில்டர் பாக்டீரியா சாகும், சிலிக்கான் நீலமாகும். என் சமையலறை மேடையில் இன்னும் ஒரு நீல வட்டம் இருக்கிறது.

## பஞ்சு ஒட்டியதுபோல்

இங்கேதான் அவசரம். காயத்திலிருந்து நீளமான வெள்ளை நூல்களாக நின்று ஆடினால் பூஞ்சை. அது மெதுவாகப் பரவும். தனித் தொட்டி, உப்பு, மெத்திலீன் புளூ போதும். ஆனால் வாயைச் சுற்றியோ, முதுகில் சேணம் போட்டதுபோலவோ, சாம்பலும் மஞ்சளும் கலந்த தட்டையான திட்டாக இருந்தால் அது பூஞ்சை அல்ல, கொலும்னாரிஸ் பாக்டீரியா. சூட்டில் வேகமெடுக்கும். காலையில் சிறு திட்டு, மறுநாள் மீன் இல்லை என்று நானே பார்த்திருக்கிறேன்.

தண்ணீரை மணிக்கு 1 டிகிரியாக 24–25-க்கு இறக்குங்கள். மீனைப் பிரித்து வையுங்கள். லிட்டருக்கு 2–3 கிராம் உப்பு. வலை, வாளி, கை எதையும் மற்றத் தொட்டியில் நனைக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் பேசுங்கள், இதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். யாரோ மிச்சம் வைத்த மனித மாத்திரையைப் பொடி செய்து கொட்டுவது வேண்டாம்.

## தலைகீழாக மிதக்கிறது

உருண்டைத் தங்கமீனின் நிரந்தரப் பிரச்சினை. மேலே மிதக்கும் காய்ந்த தீனியைக் காற்றோடு விழுங்குவதில் தொடங்கும். இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள். பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி, ஒரு மீனுக்கு ஒரு பட்டாணி, நசுக்கி. சரியானதும் மூழ்கும் தீனிக்கு மாறி, அதையும் ஒரு நிமிடம் நனைத்துப் போடுங்கள். அமோனியாவையும் ஒரு தடவை பாருங்கள்.

வயிறு தண்ணீருக்கு மேலே நின்றால் அந்தத் தோல் காய்ந்து சிவக்கும். மட்டத்தைக் குறைக்காதீர்கள்; வலையை மேலே விரித்து மீனைச் சற்றே அழுத்தி நனைய வையுங்கள். ஒரு வாரம் தாண்டியும் இப்படியே என்றால் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்.

## செதில்கள் அன்னாசிபோல் விரிந்து, வயிறு ஊதி

இதில் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். சிறுநீரகம் வரை போயிருக்கும். மருத்துவரிடம் போகும்வரை தனித் தொட்டியில் 24–26 டிகிரியில் வைத்து, 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்ஃபேட், சமையல் உப்பு அல்ல) சேருங்கள். பிழைப்பது குறைவு. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

## உடலில் நூல் தொங்குகிறது, அல்லது பூச்சி ஊர்கிறது

நூல், நங்கூரப் புழு. ஈரத்துணியில் மீனைப் பிடித்து, சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எடுத்த இடத்தில் போவிடோன் அயோடினை ஒரு பஞ்சுக் குச்சியால் தொட்டு வையுங்கள், செவுளில் படக் கூடாது. தட்டையாக ஊர்வது மீன் பேன், அதையும் எடுத்துவிடலாம். இந்தப் புழு, பேனின் குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும். கடையில் அதற்கென்று கேட்டு வாங்கி மருந்து போடுங்கள். இறால் இருந்தால் செத்துவிடும்.

## மருத்துவரிடம் போகும்போது

எல்லாக் கால்நடை மருந்தகமும் மீன் பார்ப்பதில்லை. முதலில் தொலைபேசியில் கேளுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, இரட்டைப் பை, ஸ்டைரோஃபோம் பெட்டி. ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றிப் பைக்கு வெளியே வையுங்கள். தொட்டித் தண்ணீர் தனி பாட்டிலில் ஒன்று. ஒரு வாரச் சூடு, அமோனியா எண்கள், என்ன மருந்து எத்தனை நாள் போட்டீர்கள் என்று ஒரு தாளில். "ஏதோ நீல மருந்து டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவர் பாடு திண்டாட்டம்.

ஒரே நாளில் இரண்டு மீன் செத்தால் மட்டும் சந்திப்பு நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுப் பிறகு தொலைபேசியை எடுங்கள்.

செத்த மீனைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். "இனி வேண்டாம்" என்று முடிவானாலும், மிச்சமிருப்பதை நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடாதீர்கள், அது குற்றம். அக்கம்பக்கத்தில் கேட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்கள், நானும் இப்படி எட்டு மீனுக்கு அப்பாவாகியிருக்கிறேன். தனித் தொட்டியாகப் பயன்படுத்திய பிளாஸ்டிக் பெட்டியை அன்றே காலி செய்து, துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். மீன் இல்லாமல் தண்ணீரோடு பால்கனியில் நின்றால் ஒரே வாரத்தில் கொசுப்புழு. அப்புறம் கதவைத் தட்டுவது தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியாக இருக்கும்.